மரச்சீவலில் பிறந்த நாதம்

67 டாலர் 95 சென்ட்!

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்பிய தடித்த விலைப்பட்டியல் நூலில் காணப்பட்ட விலை அது. பொருள் யாது? மின்சாரக் கித்தார் ஒன்று. அதை வைத்து எடுத்துச் செல்லப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்குள்ளேயே பதித்துவிட்ட ஒலிபெருக்கி ஒன்று. மூன்றும் சேர்ந்தே அந்த விலை. பெட்டியைத் திற, கம்பியைச் செருகு, மின்சாரத்தோடு இணை, மீட்டு! வேறு ஏதும் வேண்டா.

விலையைச் சொல்லிய அந்த ஏடு, ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டது. 'நீ யார்?' என்ற கேள்வியை! உன் தந்தை யார், உன் தெரு எது, உன் தோல் என்ன நிறம் என்று அந்த நாட்டின் தென்பகுதியில் பள்ளி வாயிலும் உணவுவிடுதி வாயிலும் ஓயாமல் கேட்ட அந்தக் கேள்வி, பணத்தோடு அனுப்பும் அஞ்சல் தாளில் மட்டும் இல்லை. பெயர், ஊர், பொருளின் எண், பணம். அவ்வளவே!

வீணை யார் மடியில் தவழலாம், பறை யார் தோளில் தொங்கவேண்டும், நாயனக்காரர் எந்த வாயில் வரையில் வரலாம் என்று, கருவிக்குக்கூடக் குலம் கற்பித்த நாட்டிலே பிறந்தவர்கள் நாம். ஆகவே அந்தத் தாளில் அந்தக் கேள்வி இல்லை என்பது நமக்குச் சிறு செய்தியாகத் தோன்றவில்லை. அந்நாட்டுக் கறுப்பினத்தாரின் கதை நமக்கு அந்நியமும் அன்று. மராட்டிய மண்ணின் மாவீரர் சோதிராவ் பூலே, 1873இல் தாம் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அமெரிக்க அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட நல்லோருக்கே காணிக்கையாக்கினார். டாக்டர் அம்பேத்கர் 1946இல், கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்கு மடல் தீட்டி, இங்குள்ள தீண்டப்படாதார் நிலையும் அங்குள்ள கறுப்பினத்தார் நிலையும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். அவர்கள் கண்ட அந்த உறவைக் கையில் விளக்காகக் கொண்டு, மிஸிஸிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டுக்குள் நாமும் நுழைவோம்.

1865இல் அடிமைமுறை சட்டப்படி செத்தது. சட்டம் செத்தது, நிலம் கைமாறவில்லை! நேற்றுவரை எவனுக்கு அடிமையோ, அவனிடமே இன்று வாரக்குடியானவன். விதை கடன், ஏர் கடன், மாவு கடன், மேலுக்குத் துணி கடன். கடன் வாங்கும் கடையும் பலவிடங்களில் பண்ணையாருடையதே. ஆண்டு முழுதும் பாடுபட்டுப் பருத்தியை அளந்து கொடுத்தபின், கணக்கேடு திறக்கப்படும். 'இவ்வாண்டும் நீதான் பாக்கி' என்று அது கூறும். ஏட்டைப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? படிக்கத் தெரிந்தவன்தான், பண்ணையாரின் கணக்குப் பொய் என்று கூறிவிட்டு, மறுநாள் பொழுது புலர உயிரோடு இருப்பானா?

1890இல் மிஸிஸிப்பி புதிய அரசமைப்புச் சட்டம் ஒன்று இயற்றிக்கொண்டு, தலைவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் தந்திரங்கள் செய்து, கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்தது. 1896இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே, 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்ற புரட்டுக்கு முத்திரையிட்டது. சமமாம்! ஊர்க் கடையில் வெள்ளையர் அனைவரும் வாங்கிச் சென்றபிறகே கறுப்பருக்குப் பொருள். கடைக்காரன் கொடுப்பதே சரக்கு. அவன் சொல்வதே விலை.

அதே 1896இல்தான், யாரும் பெரிதாகக் கருதாத மற்றொரு செயலும் நடந்தது. நாட்டுப்புறத்து வீடுகளுக்கே தேடிச்சென்று, கட்டணமின்றிக் கடிதம் வழங்கும் அஞ்சல் முறையைச் சோதனையாகத் தொடங்கினர். 1913இல் பார்சல் அஞ்சலும் வந்து சேர்ந்தது. இனிக் கடைக்காரன் முகத்தில் விழிக்காமலே கலப்பையும் வாங்கலாம், காலணியும் வாங்கலாம், கித்தாரும் வாங்கலாம். ஊர் வணிகர்கள் கொதித்தனர். பார்சல் அஞ்சலை எதிர்த்துக் கூச்சலிட்டனர். கொதிக்காமல் என்ன செய்வர்? கடனுக்கு வாங்குவோனைக் கட்டிப்போட்டிருந்த கயிறல்லவா அறுகிறது! இன ஒதுக்கலின் பிடியை இந்த விலைப்பட்டியல் நூல் எவ்வாறு தளர்த்தியது என்பதை வரலாற்றாசிரியர் லூயிஸ் ஹைமன் நம் காலத்தில் விளக்கியிருக்கிறார்.

அந்தக் காட்டிலே ஓர் இளைஞன். பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். உலகம் அறிந்த பெயர், மடி வாட்டர்ஸ். கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே, ஸ்டோவால் பண்ணையில், பாட்டியின் கைச்சோற்றில் வளர்ந்தவன். பதினேழு வயதளவில் ஒரு நாள், வீட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குதிரையை விற்றான். கிடைத்தது சுமார் 15 டாலர். பாதியைப் பாட்டியிடம் கொடுத்தான். தன் பாதியிலிருந்து இரண்டரை டாலர் எடுத்து, ஸ்டெல்லா என்னும் பெயருடைய மலிவு விலைக் கித்தார் ஒன்றை வாங்கினான். சிகாகோவிலிருந்த சியர்ஸிடம் எழுதித்தான் அத்தகைய கித்தார்களை மக்கள் வருவித்தார்கள் என்று, பின்னாளில் அவனே நினைவுகூர்ந்தான்.

குதிரையை விற்றுக் கித்தார் வாங்கியவனை ஊதாரி என்றுதான் ஊர் சொல்லும். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். பண்ணையில் குதிரை எத்துணை உழைத்தாலும், விளைவு ஏறுவது பண்ணையாரின் கணக்கில். சனிக்கிழமை இரவு கித்தார் உழைத்தால், காசு விழுவது அவன் சட்டைப் பையில்! கணக்கேட்டுக்குள் அடைபடாத முதல் வருவாய் அது.

1943இல் அவன் சிகாகோவுக்கு இரயிலேறினான். தென்பகுதிக் கொடுமையிலிருந்து வடக்கு நோக்கிப் பெயர்ந்த இலட்சக்கணக்கானவரில் அவனும் ஒருவன். பகலில் ஆலை வேலை, இரவில் மதுக்கடையில் பாட்டு. அங்கேதான் ஒரு தொல்லை. பண்ணைக் குடிலின் திண்ணையில் தெளிவாகக் கேட்ட மரக்கித்தார், நகரத்து மதுக்கடையின் சிரிப்பிலும் சச்சரவிலும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையிலும் கரைந்துபோயிற்று. பாடுவோன் வாயசைப்பது தெரிகிறது, பாட்டுக் கேட்கவில்லை! 1944இல் அவன் மின்சாரக் கித்தாரை எடுத்தான். அதன்பின் சிகாகோவின் தென்புறம் முழுதும் அவன் குரலும் கித்தாரும் கேட்டன. 1950இல் அவன் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயரைத்தான், பின்னர் இங்கிலாந்து இளைஞர் சிலர் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டனர். ரோலிங் ஸ்டோன்ஸ் என்றால் இன்று அறியாதார் யார்?

மின்சாரம் கித்தாருக்குள் புகுந்தது எவ்வாறு? மந்திரமில்லை, மாயமில்லை. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த உண்மைதான். எஃகு நரம்பின் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். நரம்பு அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. புலம் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அந்த நுண்ணிய மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பன்மடங்காக்குகிறது. கொல்லன் மகன் ஃபாரடே, பல்கலைக்கழக வாயிலை மிதிக்காதவன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவன், கண்ட உண்மை அது. (இதை வகுப்பில் சொன்னபோது நம் மாணவர் கேட்ட கேள்வி: 'அப்படியானால் நைலான் நரம்பு போட்டால் கேட்காதா, சார்?' கேட்காது. சரியான கேள்வி, மகிழ்ந்தோம்.)

அந்த உண்மையைக் கித்தாரில் பொருத்தி, விற்கத்தக்க பொருளாக்கியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஜார்ஜ் போஷாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும். 1931இல் மாதிரி செய்தனர். 1932இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். வார்ப்பு அலுமினியத்தால் ஆன உடல். வட்டத் தலையும் நீண்ட கைப்பிடியும் கொண்ட அதன் உருவைப் பார்த்து 'வறுசட்டி' என்றே பெயரிட்டு அழைத்தனர் மக்கள். காப்புரிமைக்கு 1934இல் விண்ணப்பித்தும், கிடைத்தது 1937இல்தான். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வோம். விற்பனைக்கு வந்த அந்த முதற்கருவியின் உடலில் மரமே இல்லை!

ஏன் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம்? கித்தார் உலகிலும் குலப்பெருமை பேசுவோர் உண்டு. இன்ன காட்டில் விளைந்த இன்ன மரம், இத்தனை ஆண்டு உலர்ந்தது, அதற்கே அந்த நாதம் என்பர். மரத்துக்கும் வருணாசிரமம்! உயர்குடி மரத்தின் விலையும் உயர்குடி விலைதான். 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் அருமையான கருவி, மறுப்பார் இல்லை. விலை 249 டாலர் 50 சென்ட். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி அவ்வாண்டில் மணிக்கு 75 சென்ட். ஒரு சென்ட்கூட உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், 332 மணி நேர உழைப்பு. எட்டு வாரத்துக்கும் மேல். ஒலிபெருக்கிக்கு வேறு தனியாகப் பணம்!

இந்த இடத்திலேதான் வருகிறார் நேத்தன் டேனியல். லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பத்தில், 1912இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1947இல் டேன்எலக்ட்ரோ என்னும் நிறுவனத்தை அமைத்து, ஒலிபெருக்கிகள் செய்துவந்தார். 1954 முதல் கித்தாரும் செய்யத் தொடங்கி, சில்வர்டோன் என்ற பெயரில் விற்கச் சியர்ஸுக்கு வழங்கினார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: நாதம் சுருளில் பிறக்கிறதென்றால், உடலுக்கு ஏன் உயர்ந்த மரம்?

மேசனைட் என்று ஒரு பலகை உண்டு. மரம் அறுக்கும் ஆலையில் வீணாகும் சீவலை, நீராவியின் அழுத்தத்தில் வெடிக்கச் செய்து, நாராக்கி, சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது. 1924இல் வில்லியம் மேசன் என்பவர் கண்டுபிடித்தார். எங்கே? மிஸிஸிப்பி மாநிலத்து லாரல் என்னும் ஊரில்! எந்த மாநிலத்தில் ஒருவன் கடைசிக் குதிரையை விற்றுக் கித்தார் வாங்கினானோ, அதே மாநிலத்து ஆலைக்கழிவிலிருந்து தோன்றிய பலகைதான், பின்னாளில் மலிவு மின்கித்தாரின் முதுகும் முகமும் ஆயிற்று.

டேனியல் மென்மரத்தால் ஒரு சட்டம் அடித்தார். முன்னும் பின்னும் மேசனைட் பலகையை ஒட்டினார். உள்ளே வெற்றிடம். பக்கவாட்டில் தெரியும் ஒட்டு வேலையை மறைக்கப் பிளாஸ்டிக் நாடா. காந்தத்தையும் சுருளையும் எதற்குள் அடைப்பது? மங்கையர் உதட்டுச் சாயம் வரும் உலோகக் குழல் இருக்கிறதே, அதற்குள்! அந்தக் குழல் செய்வோரிடமிருந்தே வாங்கிக்கொண்டார். கேட்டால் சிரிப்பு வரும். சிரித்தவர்கள் பிறகு வாயடைத்தனர். அந்தக் குழலிலிருந்து வந்த தெளிந்த, மணி போன்ற ஒலிக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், பெரும்பொருள் ஈட்டியபின்னும் டேன்எலக்ட்ரோவை மேடையில் ஏந்தி நின்றார்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். மலிவுக் கருவியில் குறையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. முறுக்காணி நழுவும், சுருதி கலையும், கழுத்துப் பகுதி வெயிலுக்கும் குளிருக்கும் வளையும். நம்மிடம் உள்ள மின்கித்தாரும் விலை குறைந்ததுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஒரு பாட்டுக்கு இருமுறை சுருதி கூட்ட நேர்கிறது. ஆனால், அது இருக்கிறது! கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் விலையுயர்ந்த கித்தாரில் யாரும் பயில முடியாதே.

1962ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். 67 டாலர் 95 சென்ட் என்பது 59 மணி நேர உழைப்பு. ஒன்றரை வாரம்! அதுவும் ஒலிபெருக்கியோடு சேர்த்து. 332 எங்கே, 59 எங்கே?

சியாட்டில் நகரில் ஒரு சிறுவன், துடைப்பத்தையே கித்தாராகப் பாவித்து மீட்டித் திரிந்தான். 1959இல் அவன் தந்தை, தோட்ட வேலை செய்து பிழைத்தவர், சுப்ரோ என்னும் மலிவு மின்கித்தார் ஒன்றை வாங்கித் தந்தார். அது களவு போயிற்று. அடுத்து வந்தது, டேனியலின் தொழிற்சாலையில் செய்த சிவப்புநிறச் சில்வர்டோன். 1961இல் படையில் சேர்ந்து, பாராசூட் வீரனாகப் பயிற்சி பெற்றபோது, அந்தச் சிவப்புக் கித்தாரை அனுப்பிவைக்குமாறு தந்தைக்கு எழுதினான். அவன்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1970இல் 27 வயதில் மறையுமுன், மின்கித்தாரால் இன்னதுதான் செய்யமுடியும் என்ற எல்லையை எல்லாம் தகர்த்தவன்.

இத்தகைய திறனைக் கண்டவுடன் மதம் என்ன சொல்லும்? நம் ஊரில் 'அம்பாள் கடாட்சம்' என்பர். அங்கே 'சாத்தான் வேலை' என்றனர். ராபர்ட் ஜான்சன் என்னும் மிஸிஸிப்பி இளைஞன், முதலில் சுமாராக வாசித்தவன், சில காலம் கண்ணில் படாமல் இருந்து, திரும்பியபோது கேட்டவர் வியக்க வாசித்தான். நடுச்சாமத்தில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றான் என்று கதை கட்டினர். உண்மை யாது? ஹேசல்ஹர்ஸ்ட் என்ற ஊர்ப்பக்கம், ஐக் ஜிம்மர்மன் என்னும் அனுபவமுள்ள கித்தார்க்காரரிடம் தங்கிப் பயின்றான். யாருக்கும் இடைஞ்சலின்றி இரவில் பயில அவர்கள் சென்ற இடம் இடுகாடு! ஆசிரியர் ஒருவர் உழைத்துக் கற்பித்தார், மாணவன் ஒருவன் உழைத்துக் கற்றான். புகழ் சாத்தானுக்குப் போயிற்று. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு. நம் இடக்கை விரல் நுனிகள் காய்த்துத் தடித்திருக்கின்றன. எந்தச் சாத்தானும் வந்து அந்த வலியை வாங்கிக்கொள்ளவில்லை.

கதையோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வடகரோலினா மாநிலத்து எலிசபெத் காட்டன், வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில், 3 டாலர் 75 சென்டுக்குக் கித்தார் வாங்கிய சிறுமி. இடக்கைப் பழக்கம்; கற்றுக்கொடுப்பார் இல்லை; கித்தாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே ஒரு தனி முறையை வகுத்துக்கொண்டாள். பிறகு தேவாலயம் அழைத்தது. உலகப் பாட்டை விடு என்றது. விட்டாள்! ஒரு வாரமா, ஓர் ஆண்டா? பல பத்தாண்டுகள். முதுமையில், வேலைக்காரியாக இருந்த வீட்டுச் சுவரில் தொங்கிய கித்தாரை எடுத்தபிறகே, உலகம் அவரை அறிந்தது. 1980களில் கிராமி விருது பெற்றபோது, வயது 90ஐக் கடந்திருந்தது. பறிபோன அந்தப் பத்தாண்டுகளை எந்தப் பாதிரியார் திருப்பித் தந்தார்?

ரோசெட்டா தார்ப் வேறு வகை. தேவாலயப் பாட்டையே மின்கித்தாரோடு பாடி, இரவு விடுதி மேடையிலும் முழங்கிய வீராங்கனை. பக்தர்கள் முணுமுணுத்தனர்; அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். 1973இல் மறைந்தபோது அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. ராக் இசையின் பெருமன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்!

சியர்ஸ் நிறுவனத்துக்கு நாம் மாலை சூட்டுகிறோம் என்று கருதவேண்டா. அது நீதிக்காகக் கடை விரிக்கவில்லை; இலாபத்துக்காக விரித்தது. நிறவெறியன் பணம் அனுப்பினாலும் அதே விலைக்கு அதே கித்தாரை அனுப்பியிருக்கும். அதன் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பின அறிஞர் புக்கர் வாஷிங்டனோடு சேர்ந்து 1912இல் தொடங்கிய பணியால், 1932க்குள் தென்பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன என்பது பாராட்டுக்குரியதே. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு, அந்த ஏழைப் பெற்றோரும் தங்கள் காசையும் உழைப்பையும் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் ரோசன்வால்டின் படத்தை மட்டும் மாட்டுவது வரலாறாகாது.

நாம் மேலே போட்ட 59 மணிக் கணக்கிலும் ஒரு முள் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தது. யாரை விட்டுவிட்டு? வயலில் வேலை செய்வோரை! 1966இல் திருத்தம் செய்யும் வரையில் உழவுக் கூலிக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. பருத்தி பொறுக்கிய கறுப்பின உழைப்பாளிக்கு 1962இல் அந்தக் கித்தார் 59 மணியில் கிடைத்திருக்காது. எத்தனை மணி என்று கூறச் சட்டப்படி ஓர் அளவுகோலே அவருக்கு இல்லை.

கருவி கைக்கு வந்தபின்னும் பாட்டு கையை விட்டுப் போயிற்று. சக் பெர்ரி 1955இல் 'மேபலீன்' என்ற பாட்டை எழுதிப் பாடினார். வெளிவந்த தட்டில், எழுதியோர் என்று வேறு இருவர் பெயரும் சேர்ந்திருந்தன. ஒருவர், அதை வானொலியில் ஓயாமல் ஒலிபரப்பிய புகழ்பெற்ற அறிவிப்பாளர். உழைக்காத அவர்களுக்கும் உரிமைத்தொகையில் பங்கு! அந்தப் பாட்டின் முழு உரிமை பெர்ரிக்குத் திரும்பியது 1986இல். முப்பத்தோர் ஆண்டு! பண்ணையார் கடையின் கணக்கேடு நகரத்துக்கும் வந்து, இசைத்தட்டு நிறுவனத்தின் மேசைமீது அமர்ந்துகொண்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

டேன்எலக்ட்ரோவை 1966இல் எம்.சி.ஏ. என்னும் பெருநிறுவனம் வாங்கிற்று. 1969இல் தொழிற்சாலையை மூடிற்று. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரில் மீண்டும் கித்தார்கள் வந்தன. நேத்தன் டேனியல் 1994இல் மறைந்தார். சியர்ஸின் அந்தப் பெரிய விலைப்பட்டியல் நூல் அதற்கு முந்தைய ஆண்டு, 1993இல் நின்றது. மேசனைட் முகமும் உதட்டுச்சாயக் குழலும் கொண்ட அந்நாளையக் கித்தார்களைச் சேகரிப்போர், அவற்றின் பழைய விலையைப்போலப் பன்மடங்கு கொடுத்து இன்று வாங்குகின்றனர்.

மடி வாட்டர்ஸ் வளர்ந்த ஸ்டோவால் பண்ணைக் குடில் சிதைந்து கிடந்தது. 1980களில் அங்கு வந்த கித்தார்க் கலைஞர் பில்லி கிப்பன்ஸ், அதிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்துச் சென்று, அதைக்கொண்டே ஒரு மின்கித்தார் செய்வித்தார். உயர்குடி மரமன்று, வாரக்குடியானவன் வீட்டு மரம். குடிலின் எஞ்சிய பகுதி, கிளார்க்ஸ்டேல் நகரின் டெல்டா புளூஸ் அருங்காட்சியகத்துக்குள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.